'ஏமாத்திட்டான்' என்று சொன்னால் என்ன பொருள்?

கெடிலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எனக்கு வேண்டியது ஒரு சொல். அதனால் இதைச் சொல்வழக்குப் பகுதியிலேயே போடுகிறேன்.

ஊர் கடலூர், வேலை புதுச்சேரியில். நான்கு வருடமாக ஒருவரோடு பழகினேன். அவர் தங்கை கல்யாணம் முடியட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லாமல் காத்திருந்தோம். போன மாதம்தான் தெரிந்தது, ஒன்றரை வருடமாக அவர் இன்னொரு பெண்ணோடும் பழகி வருகிறார் என்று. நேராகக் கேட்டேன். மறுக்கவில்லை. அதோடு முடிந்தது.

வீட்டில் அத்தையிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்தை, நான் ஒருத்தர விரும்பினேன். அவரு என்னை ஏமாத்திட்டாரு" என்றேன். அத்தை மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எத்தினி மாசம்?"

நான் சொன்னது ஒன்று, அத்தை கேட்டது வேறொன்று. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. "அவ்வளவுதானா, நான் பயந்தே போயிட்டேன்" என்றார். 'அவ்வளவுதானா' என்ற அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது.

கல்யாணம் ஆகாத இருவர். ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் மூன்றாவது ஆளோடு பழகுகிறார். இதற்கு நம் பேச்சில் என்ன சொல்? 'கள்ளக்காதல்' என்றால் கல்யாணமானவர்களுக்கு. 'துரோகம்' என்றால் நாட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கிறது, அத்தையிடம் அப்படிப் பேச முடியாது. 'மனசு மாறிட்டாரு' என்றால் அவர் ஒன்றும் தப்பே செய்யாதது போல ஆகிவிடும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகூர்க்காரன்

எங்கள் கல்லூரியில் எல்லாரும் 'சீட் பண்ணிட்டான்' என்றுதான் சொல்வோம். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். உங்கள் வயதுக்காரர்களுக்கு அது போதும். அத்தைக்குத்தான் சரிவராது. எங்கள் அம்மாவிடம் 'சீட்டிங்' என்றால் ஏலச்சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர் ஞாபகம்தான் வரும்.

வருத்தமாக இருக்கிறது சகோதரி. தைரியமாக இருங்கள்.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா

நான் வக்கீல் ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். உங்கள் அத்தை அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. காவல் நிலையப் புகாரில், செய்தித்தாளில் எல்லாம் 'திருமணம் செய்துகொள்வதாகக் கூறி ஏமாற்றி' என்று ஒரு வாசகம் வரும். அதை எழுதும்போதே உடலுறவு நடந்தது என்று பொருள். பழைய தண்டனைச் சட்டத்தில் அதை 417 (மோசடி) என்றும் 376 (பாலியல் வன்கொடுமை) என்றும் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 69ஆம் பிரிவே இதற்காக இருக்கிறது, 10 வருடம் வரை தண்டனை. பெண்ணோடு சேர்த்து 'ஏமாத்திட்டான்' என்று சொன்னால் அந்தப் புகார் வாசகம்தான் பெரியவர்கள் காதில் விழும். மளிகைக் கடைக்காரர் ஏமாற்றினார் என்றால் எடையில் என்று புரிந்துகொள்கிறோமே, அது போல.

கல்யாணமானவர்கள் விஷயத்திலும் சட்டத்தின் சொல் நேராக இருந்ததில்லை. 1860ஆம் வருடத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்த ஆணை மட்டும் தண்டித்தது. அந்தக் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. புகார் கொடுக்கும் உரிமையும் கணவனுக்குத்தான். தன் கணவன் வேறு பெண்ணிடம் போனால் மனைவி அந்தப் பிரிவில் ஒன்றும் செய்ய முடியாது. ஏதோ ஒருவர் வயலில் இன்னொருவர் மாடு மேய்ந்த வழக்கு மாதிரிதான் எழுதியிருந்தார்கள். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதை ரத்து செய்தார்கள். அது இப்போது குற்றம் இல்லை. ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக 1955 இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. (புதுச்சேரியில் 'ரெனோன்சான்' குடும்பத்தாருக்கு, அதாவது பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழியினருக்கு, அந்தச் சட்டம் பொருந்தாது. அது தனிக் கதை.)

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. சட்டத்தில் அதற்குப் பிரிவும் இல்லை, பெயரும் இல்லை.

முத்தியால்பேட்டை ஆசிரியை

கெடிலம், உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்தேன். உடனே எழுத முடியவில்லை.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கின்றன, அதுதான் சிக்கல். 'சோரம் போனாள்' என்கிறோம். 'சோரம்' என்ற வடசொல்லுக்குத் திருட்டு என்று பொருள். 'சோரம் போனான்' என்று ஒருவனைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கட்சியைச் சொல்வார்கள், பத்திரிகையைச் சொல்வார்கள், கணவனைச் சொல்ல மாட்டார்கள். ஓடுகாலி, கூத்தியா, வைப்பாட்டி, தொடுப்பு, சக்களத்தி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எதிர்ப்பக்கம் பார்த்தால் 'சின்ன வீடு வச்சிருக்காரு' என்பார்கள். அதில் வசதி தெரிகிறது, குற்றம் தெரியவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததாக நினைக்க வேண்டாம். பரத்தை என்ற சொல்லை எல்லாருக்கும் தெரியும். 'பரத்தன்' என்று ஒரு சொல் இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? குறள் 1311இல் மனைவி கணவனைப் பார்த்து "நண்ணேன் பரத்த நின் மார்பு" என்கிறாள். எல்லாப் பெண்களும் கண்ணால் உன்னைப் பொதுவாக உண்கிறார்கள், உன் மார்பை நான் சேர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அந்த ஆண்பால் சொல் பேச்சில் செத்துப்போனது, பெண்பால் சொல் பிழைத்துக்கொண்டது. வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் நான் தாண்டுவதில்லை.

'பிறனில் விழையாமை', அதாவது பிறன் மனைவியை விரும்பாமை, அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள். பத்தும் ஆணைப் பார்த்துச் சொன்னவை.

முள்ளோடை

'கள்ளக்காதல்' என்ற சொல்லை ஏன் எல்லாரும் ஒதுக்குகிறீர்கள்? எனக்கு அது நல்ல சொல்லாகத்தான் படுகிறது. கல்யாணமானவர்களுக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? மறைத்துச் செய்த காதல் கள்ளக்காதல், அவ்வளவுதான். சகோதரியும் அதையே சொல்லலாம்.

கெடிலம்

முள்ளோடை ஐயா, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'கள்ள' என்பதை யோசித்துப் பாருங்கள். கள்ள நோட்டு என்றால் அந்த நோட்டே பொய். கள்ளச்சாராயம் என்றால் சாராயம் உண்மைதான், காய்ச்சிய விதமும் விற்ற விதமும்தான் குற்றம். கள்ளச்சாவி பூட்டை நன்றாகவே திறக்கும், அது இருக்கும் கைதான் தப்பு. கள்ளக்காதல் இதில் எந்த வகை?

நீங்கள் எல்லைக்காரர், உங்களுக்குத் தெரியாததில்லை. புதுச்சேரியில் கடை வைத்து உரிமத்தோடு விற்கிற அதே பாட்டிலை ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பிடித்தால் கடத்தல். பாட்டிலில் ஒரு சொட்டு மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. 'கள்ளக்காதல்' என்ற சொல்லும் இப்படித்தான் எல்லையைப் பார்க்கிறது. யார் யாரை நம்பினார்கள், யாரிடம் யார் பொய் சொன்னார்கள் என்பது அதில் இல்லை. கணவன் அடித்துத் துரத்தி ஐந்து வருடம் ஆன பெண் ஒருவரோடு வாழ்ந்தாலும் கள்ளக்காதல்தான். என்னிடம் ஒன்றரை வருடம் பொய் சொன்னவருக்குக் கல்யாணம் ஆகாததால் அது கள்ளக்காதல் ஆகாது.

செய்தி மேசை

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். அந்தச் சொல்லைப் பல நூறு தலைப்புகளில் போட்டிருப்பேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது செய்தியில் வந்தாலே தொடர்ந்து ஒரு கொலை வரும், அல்லது தற்கொலை. 'கள்ளக்காதல் தகராறில்', 'கள்ளக்காதலுக்கு இடையூறாக இருந்த' என்றுதான் அந்தச் சொல் தலைப்புக்குள் நுழையும். வெட்டுப்பட்டவரின் வீட்டில் மறுநாள் அந்தத் தாளைப் படிக்க ஒரு பிள்ளை இருக்கும் என்பதை நான் வெகுகாலம் யோசிக்கவில்லை. யோசித்த பிறகு எழுத முடியவில்லை.

இப்போது 'திருமணத்தை மீறிய உறவு' என்று போடுகிறார்கள். நல்லதுதான், ஆனால் நீளம், ஒரு பத்திச் செய்தியில் உட்காராது. அதனால் 'தகாத உறவு' என்கிறார்கள், 'கூடா நட்பு' என்கிறார்கள். கூடா நட்பு என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. அது குறளில் 83ஆம் அதிகாரம். மனம் கூடாமல் வெளியில் மட்டும் கூடிப் பழகுகிறவர்களின் நட்பைப் பற்றியது. ஆணும் பெண்ணும் சேரக்கூடாது என்பதெல்லாம் அதில் இல்லை. அந்தப் பொருளில் பார்த்தால், கெடிலம் அவர்களிடம் அந்த மனிதர் வைத்திருந்ததுதான் உண்மையான கூடா நட்பு.

நெல்லித்தோப்பு மரியன்னை வீதி

நாங்கள் கத்தோலிக்கர். சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் பத்துக் கட்டளையைப் பாட்டுப் போல ஒப்பிப்போம். ஆறாவது, 'மோக பாவம் செய்யாதிருப்பாயாக.' ஒன்பதாவது, 'பிறர் தாரத்தை விரும்பாதிருப்பாயாக.' சபை மாறிக் கல்யாணம் செய்த என் சித்தி வீட்டில் அதே கட்டளை ஏழாவதாக வரும், அங்கே 'விபசாரம் செய்யாதிருப்பாயாக' என்று இருக்கும். வேதாகமத்தில் விபசாரம் என்றால் துணைக்கு உண்மையில்லாமல் போவது. வடமொழியில் அந்தச் சொல்லுக்கு வழி விலகிப்போவது என்றுதான் பொருள். இன்றைக்கு வெளியில் அந்தச் சொல்லைச் சொன்னால் லாட்ஜில் ரெய்டு என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். காசுக்கு என்ற பொருள் ஒட்டிக்கொண்டதும் பழைய பொருள் போய்விட்டது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண் என்று யோவான் 8ஆம் அதிகாரத்தில் வாசிப்பார்கள். கையும் மெய்யுமாகப் பிடித்தோம் என்கிறார்கள், அவளை மட்டும் இழுத்துவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். அவன் எங்கே என்று பத்து வயதில் மறைக்கல்வி அக்காவிடம் கேட்டேன். அவர் என்னை அதட்டவில்லை. "நல்ல கேள்வி, மறக்காதே" என்றார். மறக்கவில்லை.

விருந்தினர் 2

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய இழையா? நான்கு வருடம் வீட்டுக்குத் தெரியாமல் பழகினால் இப்படித்தான் முடியும். அவனை நம்பியது உங்கள் தவறு.

முத்தியால்பேட்டை ஆசிரியை

இதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை, வள்ளுவர் 1154இல் சொல்லிவிட்டார்:

அளித்தஞ்சல் என்றவர் நீப்பின் தெளித்தசொல்
தேறியார்க்கு உண்டோ தவறு.

அன்பு காட்டி 'பயப்படாதே' என்று சொன்னவரே விட்டுப்போனால், அந்தச் சொல்லை நம்பியவர் மேல் என்ன தவறு? நம்பியவரைக் குற்றம் சொல்லும் வழக்கம் அவர் காலத்திலும் இருந்திருக்கும்போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை ஏன் எழுத வேண்டும்?

விருந்தினர் 2

சரி. கடுமையாகச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள் கெடிலம்.

தெருக்கூத்து ரசிகன், பண்ருட்டி

ஆசிரியை அவர்கள் 'கூத்தியா' என்ற சொல்லைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கூத்து. அப்பா திரௌபதி வேஷம் கட்டியவர். கூத்தி என்றால் கூத்தாடும் பெண். தொழிலின் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. தெருச்சண்டையில் யாராவது அந்தச் சொல்லை எடுத்தால் அம்மா உள்ளே போய்விடுவார். அடவு கட்டி விடிய விடிய ஆடி வயிறு வளர்த்த வீடு எங்களுடையது. துணைக்கு உண்மையில்லாதவனைத் திட்ட ஒரு சொல் தேடுகிறோம், அது வந்து ஆடிப் பிழைத்தவள் தலையில் விழுகிறது. இதையும் கணக்கில் வையுங்கள்.

முத்தியால்பேட்டை ஆசிரியை

தெருக்கூத்து ரசிகன், நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. இனி அந்தச் சொல்லை எடுத்துக்காட்டாகக்கூடச் சொல்லும்போது கவனமாக இருப்பேன்.

கெடிலம், உங்களுக்காக ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. முதல் இரண்டு வரி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ

தலைவியும் தலைவனும் யாருக்கும் தெரியாமல் சேர்ந்திருந்தார்கள். ஊரறியக் கல்யாணம் ஆகவில்லை. அன்றைக்கு அங்கே சாட்சி யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான். ஒரு குருகு நின்றது, அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் 'பொய்த்தால்' நான் என்ன செய்வேன் என்கிறாள். உங்கள் நிலைமைதான். இரண்டு வீட்டுக்கும் தெரியாது, சாட்சி இல்லை, சொன்ன சொல் மட்டும்தான் இருந்தது. 'கள்வன்' என்ற சொல்லையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முந்தைய காதலுக்கே தொல்காப்பியம் வைத்த பெயர் களவு, அதில் இழிவு இல்லை. மறைந்து காதலித்தது அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை. அவன் பொய்ப்பதுதான் குறை.

நீங்கள் தேடும் சொல் 'பொய்த்தல்' என்று எனக்குப் படுகிறது.

பாகூர்க்காரன்

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'அவன் எனக்குப் பொய்த்துவிட்டான்' என்று பேருந்தில் யாராவது பேசினால் திரும்பிப் பார்ப்பார்களே. புத்தகத்தில் இருக்கிற சொல்லைப் பேச்சுக்குக் கொண்டுவர முடியுமா?

நெல்லிக்குப்பம் கரும்பு

தம்பி, பொய்த்தல் புத்தகத்திலா இருக்கிறது? எங்கள் பக்கம் வந்து பாருங்கள். 'மழை பொய்ச்சிப்போச்சு' என்று சொல்லாத விவசாயி உண்டா? ஐப்பசியில் மேகம் கூடும், காற்று குளிரும், வந்துவிடும் என்று நாற்று விட்டுவிடுவோம். வராது. அதைத்தான் பொய்ச்சிப்போச்சு என்கிறோம். சும்மா மழை இல்லை என்றால் 'மழை இல்ல' என்போம். வருகிற மாதிரி காட்டிவிட்டு வராமல் போனால்தான் பொய்ச்சது.

முள்ளோடை

ஐயா சொன்னது சரி. ஆனால் மழை மேல் பழி கிடையாது, அது தெரிந்தா பொய்க்கிறது? மனிதன் தெரிந்தே செய்தான். மழையோடு சேர்த்து அவனையும் மன்னித்த மாதிரி ஆகிவிடாதா?

நெல்லிக்குப்பம் கரும்பு

சொல்லோடு சேர்த்துச் சொன்னால் ஆகாது. 'சொன்ன சொல்லு பொய்ச்சவன்' என்று எங்கள் ஆயா சொல்லும். கடன் வாங்கித் தராதவனையும் சொல்லும், பெண் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்தவனையும் சொல்லும். அதைவிடப் பெரிய திட்டு அவரிடம் கிடையாது.

கெடிலம்

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

நேற்று மாலை அத்தையோடு சில்வர் பீச்சுக்குப் போனேன். கூட்டம் இல்லை. வீட்டில் பேசினால் மறுபடி கதவைச் சாத்துவார் என்றுதான் அங்கே அழைத்துப்போனேன். "அத்தை, அன்னிக்கு நான் சரியா சொல்லல. அவரு வேற ஒரு பொண்ணோட பழகிக்கிட்டே எங்கிட்ட மறைச்சாரு. கட்டிக்கிறேன்னு சொன்ன சொல்லு பொய்ச்சிட்டாரு" என்றேன்.

அத்தை உடனே ஒன்றும் பேசவில்லை. சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "எவ்ளோ நாளா மறைச்சான்?" என்றார். ஒன்றரை வருஷம் என்றேன். "அந்த ஒன்றர வருஷமும் உங்கிட்ட நல்லா பேசினானா?" பேசினார் என்றேன். "அடப்பாவி" என்றார். அன்றைக்கு மாதக் கணக்கு கேட்டவர்தான். நேற்று கேட்டதும் மாதக் கணக்குதான், ஆனால் என் பக்கம் நின்று கேட்டார்.

அப்புறம் ஒன்று கேட்டார், அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "அந்தப் பொண்ணுக்கு நீ இருக்கறது தெரியுமா?"

தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியவில்லை. அவளை என்ன சொல்லி அத்தையிடம் பேசுவது என்றும் தெரியவில்லை. சக்களத்தி என்றால் நான் மனைவி இல்லை. செய்தித்தாள் வைக்கிற பெயரை அவளுக்கு வைக்க மனசு வரவில்லை. அவளும் என்னைப் போலவே காத்துக்கொண்டிருக்கலாம்.

முத்தியால்பேட்டை ஆசிரியை

சங்கப் பாட்டில் அவளுக்குப் பெயர் காதற்பரத்தை. அந்தப் பெயர் இன்று வேண்டாம். ஆனால் ஒன்று, அவளுக்கும் அங்கே பேச இடம் கொடுத்திருக்கிறார்கள். குறுந்தொகை 8இல் அவள்தான் பேசுகிறாள். தன் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், அவன் வீட்டில் கண்ணாடியில் தெரிகிற பாவை போல மனைவி கையைத் தூக்கினால் கையைத் தூக்குகிறான் என்கிறாள். அவனைப் பற்றி அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

கெடிலம்

அத்தையிடம் அவள் பெயரையே சொல்லிவிட்டேன் டீச்சர். அவரும் இப்போது பெயர் சொல்லித்தான் கேட்கிறார். அவள் எண் என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் பேசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.